சுண்ணாம்புக் கோடு

பெருமாள்மலை ரோட்டின் குறுக்கே போட்ட சுண்ணாம்புக் கோட்டருகே ஸ்டாப் வாட்ச்சோடு நிற்கிறார் டிரில் மாஸ்டர் சிலுவைராஜ். மலையேறும் கார்ப் பந்தயத்தில் கடைசியாக வருவது பல் டாக்டர் பரமானந்தத்தின் பழைய கார். அது கிளம்பியதற்கு அடையாளமாகக் கீழே வேட்டு வெடித்ததுமே பொத்தானை அழுத்தியிருக்கிறார். பந்தயத்துக்காக மறித்து நிறுத்திய பஸ்ஸிலிருந்து வீரம்மா கத்துகிறாள்: "ரோட்டை எப்பத்தான் விடுவீங்க? சந்தைக்குப் போற சோலி கெடக்குல்ல!" கொண்டை ஊசி வளைவில் இரைந்துகொண்டிருந்த எஞ்சின் சட்டென்று ஓய்கிறது. மூடுபனிக்குள் வாட்ச் துடிப்பது மட்டும் கேட்கிறது. "வண்டி நின்னுபோச்சு சார், வாட்சை நிறுத்துங்க" என்கிறார் கண்டக்டர். "இன்னும் கோட்டுக்கு வரலைங்களே" என்கிறார் சிலுவைராஜ். பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வளைவுப் பக்கம் போகிறார்கள். கொஞ்ச நேரத்தில் "தள்ளு, தள்ளு" என்ற கூச்சல் மேலேறி வருகிறது. முதலில் ஆவி கக்கும் பானெட் தெரிகிறது. பிறகு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் விறைப்பாக ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் பரமானந்தம். அவருக்குப் பின்னால் குனிந்த முதுகுகள். முன்சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தொடும் கணத்தில், மற்றக் கார்களுக்கு இறங்கிய அதே கறாரோடு சிலுவைராஜின் கட்டைவிரல் இறங்குகிறது. டிக்கியிலிருந்து கையை எடுத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீரம்மா கேட்கிறாள்: "நாங்க எத்தனாவதா வந்திருக்கோம், சார்?"