பெட்டிக்காரர் மறந்த நம்பர்

சனிக்கிழமை காலை குளியலறையில் வழுக்கி விழுந்ததில் பட்டறையின் பெட்டகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெட்டிக்காரருக்குத் தலையில் எலுமிச்சம்பழ அளவு புடைத்துக்கொண்டது. ஆனால் உயிர் போனது போல அலறியவர் முதலாளிதான்.

அலறாமல் என்ன செய்வார்? அந்த ரத்தினக் கல் பட்டறையின் இரும்புப் பெட்டகத்தைத் திறக்கும் நம்பர் அந்தத் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. முதலாளிக்கே தெரியாது. அது அவராகவே செய்துகொண்ட ஏற்பாடு. மனைவியின் தம்பி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் இல்லை என்று சொல்ல அவருக்கு நா எழாது. "எனக்கே நம்பர் தெரியாது மாப்ளே" என்று கையை விரிப்பதற்காகவே இருபத்தாறு வருஷமாகத் தெரிந்துகொள்ளாமல் இருந்தார்.

பெட்டகத்துக்குள் பதினொரு மரகதக் கற்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு அவற்றை வாங்க ஆள் வருகிறது. கட்டர் வைத்து அறுத்தால் சூட்டில் மரகதம் விரிசல் விட்டுவிடும். பெட்டகக் கம்பெனிக்காரர்களோ வருவதற்குப் பத்து நாளாகும் என்றார்கள்.

"நல்லா யோசிச்சுப் பாருங்கண்ணே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்கதானே பூட்டினீங்க?"

"பூட்டினது ஞாபகம் இருக்கு முதலாளி. நம்பர் மட்டும் துடைச்சு விட்ட மாதிரி போயிடுச்சு." பெட்டிக்காரருக்குக் கண் கலங்கியது. "ஹிப்னாடிசம் பண்ணினா மறந்ததெல்லாம் திரும்பி வரும்னு எங்கயோ படிச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை, பட்டறைக்கு விடுமுறை; விடுமுறை நாளில் பெட்டகத்தைத் தொடுவதில்லை என்பது முதலாளியின் பல வருஷப் பழக்கம். மாலை நான்கு மணிக்கு முதலாளி, மச்சான், டிரைவர் மூவரும் பெட்டிக்காரரை அழைத்துக்கொண்டு ஹிப்னாடிச டாக்டரம்மாவின் அறைக்குப் போனார்கள்.

மச்சானுக்குப் பெரிய ஏமாற்றம். ஆடுகிற சங்கிலி இல்லை, கறுப்பு அங்கி இல்லை. ஒரு சாய்வு நாற்காலி, மெதுவாகச் சுற்றும் ஃபேன், பல் டாக்டரிடம் இருப்பது போல ஒரு காலண்டர். அவ்வளவுதான்.

"முதல்லயே சொல்லிடறேன்" என்றார் டாக்டரம்மா. "இது தூக்கம் இல்ல. நாம பேசுறது எல்லாம் இவருக்குக் கேட்கும். வேண்டாம்னு தோணினா எழுந்து போயிடலாம். இவர் சொல்ல விரும்பாததை என்னால வரவழைக்க முடியாது. வர்ற ஞாபகம் சரியாத்தான் இருக்கும்னும் சொல்ல முடியாது."

"அப்புறம் நீங்க எதுக்கு டாக்டர்?" என்றான் மச்சான்.

டாக்டரம்மா அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஒருமுறை நாற்காலியை மாற்றிப் போட்டு உட்கார்ந்தான். "மத்தவங்க வெளியில இருங்க. ரகசிய நம்பர் பாருங்க."

பெட்டிக்காரர் சட்டென்று முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, தனியா விடாதீங்க. எனக்குப் பயமா இருக்கு. எல்லாரும் கூட இருந்தாத்தான் தைரியமா இருக்கும்."

வேறு வழியில்லாமல் எல்லோரும் இருந்தார்கள். டாக்டரம்மா குரலைத் தாழ்த்தி, தோளைத் தளர்த்தச் சொன்னார், மூச்சைக் கவனிக்கச் சொன்னார். பெட்டகத்தின் முன்னால் நிற்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். கால் மணி நேரத்தில் பெட்டிக்காரரின் விரல்கள் காற்றில் எதையோ திருகின.

"இடது பதினேழு... வலது நாற்பத்திரண்டு... இடது ஒன்பது."

கணீரென்று சொன்னார். அடுத்த அறையில் காத்திருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். முதலாளி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். மாமா சீட்டைத் தொலைத்துவிடுவார் என்று மச்சான் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். டிரைவர் எழுதவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

மறுநாள் ஒன்பதரை மணிக்கு முதலாளி நம்பரைத் திருகினார். கதவு சமர்த்தாகத் திறந்தது. உள்ளே, கற்கள் இருந்த தட்டில் ஒன்றுமே இல்லை.

பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பட்டறைச் சாவி முதலாளி வீட்டுக் கூடத்தில் ஆணியில்தான் தொங்கும் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"சனிக்கிழமை வரைக்கும் நம்பர் ஒருத்தருக்குத்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு பேருக்குத் தெரியும். கல்லும் போயிடுச்சு. அஞ்சு பேர்ல அந்த வீட்டுக்குள்ள போய் வர்ற ஆள் யாரு? நேத்து ராத்திரி எங்க தம்பி போனீங்க?"

"சினிமாவுக்கு சார்."

"என்ன கதை?"

"தூங்கிட்டேன் சார்" என்று மச்சான் கையைக் கூப்பினான். உள்ளங்கையில் பதினேழும் நாற்பத்திரண்டும் இன்னும் அழியவில்லை.

டாக்டரம்மாவையும் வரவழைத்து விசாரித்தார்கள். "அவர் விரும்பாததைச் சொல்ல மாட்டார்னு நான் அப்பவே சொன்னேனே" என்றார் அவர் எரிச்சலுடன். தப்பிக்கப் பார்க்கிறார் என்று இன்ஸ்பெக்டர் அதை எழுதிக்கொள்ளவே இல்லை.

பெட்டிக்காரர் மூலையில் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தார். "என் பெண்டாட்டிகிட்டகூட சொன்னதில்லையே! இப்படி ஊருக்கே சொல்ல வச்சுட்டீங்களே!"

"அழாதீங்க பெரியவரே" என்று இன்ஸ்பெக்டர் அவர் தோளைத் தட்டினார். "உங்களை யாரு சந்தேகப்படுவா? எடுக்கணும்னா இருபத்தாறு வருஷத்துல எப்ப வேணா எடுத்திருக்கலாமே."

முதலாளிக்கு வெட்கமாகிவிட்டது. நல்ல மனிதரைப் படுத்தி வைத்துவிட்டோமே என்று அவரே கைத்தாங்கலாகக் கூட்டிப் போய்க் காரில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே பதினொரு கற்களையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்ட பெட்டிக்காரருக்கு, இருபத்தாறு வருஷமாகக் குறுக்கே நின்ற ஒரே இடைஞ்சல், நம்பர் தனக்கு மட்டும்தான் தெரியும் என்பதுதான்.