அழித்து எழுதும் டிஸ்க்

தணிகாசலம் கொண்டுவந்த கம்ப்யூட்டரின் டிவிடி ரைட்டர் திறக்க மறுத்தது. பழுதுபார்க்கும் எஸ்தர் அதன் முகப்பிலிருந்த சின்னத் துளையில் கம்பியை விட்டு அழுத்தினாள். டிரே வெளியே வந்தது. கூடவே கரப்பான் முட்டைகளும் ஒரு புளித்த வாடையும் வந்தன. மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளேயிருந்த டிஸ்க்கை எடுத்தாள். அதன்மேல் மார்க்கரால் 'தணிகாசலம் – வசந்தா திருமணம்' என்று எழுதி, குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தது. கீழே 'தணிகாசலம் – தமயந்தி திருமணம்'. அதையும் அடித்திருந்தது.

"உள்ள இருக்கிறத அழிச்சுட்டுக் குடும்மா. வர்ற வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கல்யாணம். வீடியோவ இதுலயே ஏத்திக்கிறேன்" என்றார் தணிகாசலம், பக்கத்தில் நின்ற பெண்ணைக் காட்டி.

"புதுசு ஒண்ணு வாங்கிக்கலாமே சார்."

"எதுக்கு? இதுல ஆயிரம் தடவை அழிச்சு எழுதலாம்."

அந்த முட்டைகளைவிட இப்போது டிஸ்க்தான் எஸ்தருக்கு அருவருப்பாக இருந்தது. டிஸ்க்கை விரல்நுனியால் பிடித்து மேசைமேல் போட்டாள். அந்தப் பெண் அதை எடுத்தாள். இரண்டு பெயர்களையும் நிதானமாகப் படித்தாள். துப்பட்டாவால் தூசியைத் துடைத்தாள்.

"மார்க்கர் இருக்காக்கா?"

வாங்கி, மூன்றாவது வரியில் தன் பெயரை எழுதினாள். அதற்கும் கீழே இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருந்தது.