இறுக்கும் கை

உச்சி வெயிலில் பந்தயக் கார் ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. அடியில் மல்லாந்து கிடக்கும் அக்கா, பின் அச்சைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்கில் டார்ச்சை அடிக்கிறாள். அதன் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்புகளில் முன்பாதிக் கிளாம்புகள் இறுகியும் பின்பாதிக் கிளாம்புகள் தளர்ந்தும் இருந்தால்தான் புறப்படும்போது சக்கரம் தரையைக் கவ்வும். காலையில் அவளே தளர்த்திய பின்கிளாம்புகள் இப்போது கல்லாக இறுகியிருக்கின்றன. இன்று ஓடிய இரண்டு ஓட்டத்திலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகைந்தது இதனால்தான். மீதி இருப்பது ஒரே ஓட்டம். “டேய், மறுபடியும் இறுக்கிட்டியா?” “ஆடுச்சுக்கா. லூசா ஒரு நட்டைப் பார்த்துட்டு எப்படிக்கா சும்மா போறது?” என்கிறான் மெக்கானிக் தம்பி. “ஆடணும்டா! எத்தனை தடவை சொல்லித் தொலைக்கிறது?” தலையில் அடித்துக்கொள்ளலாமென்று கையைத் தூக்கினால் அச்சு இடிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பத் தளர்த்திவிட்டு வெளியே ஊர்ந்து வருகிறாள். ஒலிபெருக்கி அவர்கள் வண்டியைக் கூப்பிடுகிறது. காரை இறக்கிய கையோடு தம்பி ஸ்பேனருடன் மெல்லப் பின்சக்கரத்தின் பக்கம் குனிகிறான். “கொடுடா அதை!” பிடுங்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி, சீட் பெல்ட்டுக்குள் செருகிக்கொள்கிறாள். “வெயிட் கூடும்க்கா…” “கூடட்டும்.” கார் நகர்கிறது. கண்ணாடியில் தம்பி சிறுத்துக்கொண்டே போகிறான். அவனுடைய வெறுங்கை மட்டும் காற்றில் எதையோ இறுக்கிக்கொண்டே இருக்கிறது.