ஜூன் மாதத் தொப்பி

2016 மார்ச் 12, சனிக்கிழமை. கிரிம்ஸ்பியிலிருந்து இரண்டு ரயில் மாறி, பதினொன்றே காலுக்கு ப்ரெண்டா கேம்பிரிட்ஜில் இறங்கினாள்.

“என்னம்மா இது, தலையில?” என்றான் மகன் ஏடன்.

“தொப்பிடா. நீ பட்டம் வாங்குற அன்னிக்குப் போட்டுக்க வாங்கினது. ஜூன் வரைக்கும் டப்பாவுலயே கெடக்கணுமா? எப்படி இருக்கு, சொல்லு.”

“பெருசா இருக்கு.”

“நம்ம வீட்டுல மொத தடவையா ஒருத்தன் பட்டம் வாங்கப் போறான். சின்னதாவா வாங்குவேன்?”

அவன் சிரிக்கவில்லை. அவள் பையை வாங்கிக்கொண்டான். கை பட்டதும் ப்ரெண்டா அதைத் திருப்பிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடமாக மீன் ஆலையில் பெட்டி கட்டுகிறவள் அவள்.

“என்னடா, உள்ளங்கை என்னோடதை விடக் காய்ச்சுப் போயிருக்கு?”

“காலேஜ் படகுல துடுப்புப் போடுறேன்ல. தெனம் அஞ்சு மணிக்கே எழுந்திருக்கணும்.”

“அதான் கண்ணு குழிக்குள்ள போயிருச்சு. படிக்கிறவனுக்கு எதுக்கு இந்த வேலை?”

பாலம், சந்தை, இன்னொரு பாலம். மூன்று மணிக்கு அவளுக்குக் குதிகால் வலித்தது.

“உன் ரூமைக் காட்டேன். அஞ்சு நிமிஷம் காலை நீட்டிக்கிறேன்.”

“பெயிண்ட் அடிக்கிறாங்கம்மா.”

“லைப்ரரி?”

“வெளியாளுங்களை விட மாட்டாங்க.”

“வாத்தியார் யாரையாச்சும் பாத்து ஒரு வார்த்தை பேசவா?”

“சனிக்கிழமைல யாரும்மா இருப்பாங்க?”

“சரியாப்போச்சு. போன வருஷம் வெளியே நின்னு உன் ரூம் ஜன்னலை மட்டும் பாத்தேன், இந்த வருஷம் காலேஜ் சுவத்தையாவது காட்டு. இதுக்கு மேல கால் வராது.”

கல்லூரி முற்றத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. அவர்கள் உட்காரும்போது, கறுப்புக் கோட்டு போட்ட வாசல் காவலர் இரண்டு சுற்றுலாப் பயணிகளை விரட்டிக்கொண்டிருந்தார். “புல்லை விட்டு இறங்குங்க சார்! மேடம், நீங்களும்தான்!”

“பாவம், படம்தானே எடுத்தாங்க. எதுக்கு இந்தக் கத்து கத்துறார்?”

“அது மிஸ்டர் பிக்ஸ். வாத்தியாருங்க மட்டும்தான் புல்லுல நடக்கலாம். நான் சேர்ந்த மொத வாரம் தெரியாம ஒரு எட்டு வெச்சுட்டேன். எல்லார் முன்னாடியும் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார்.”

“படிக்கிற பிள்ளைங்ககூட நடக்கக் கூடாதா?”

“ஆத்துலேர்ந்து வர்ற வாத்து நடக்கலாம். நாங்க கூடாது.”

காலையிலிருந்து முதல் முறையாக ப்ரெண்டா சிரித்தாள். “வாத்தா பொறந்திருக்கலாம்டா நீ. மூணு வருஷம் கண்ணு முழிக்க வேண்டியதில்ல. போகட்டும், இன்னும் மூணு மாசம். அப்புறம் நீயும் தூங்கு, நானும் தூங்குறேன்.”



அப்போது காற்று ஒன்று எழும்பித் தொப்பியைக் கொண்டுபோயிற்று. அது உருண்டு, ஈரப் புல்வெளியின் நட்டநடுவில் போய்க் கவிழ்ந்தது.

அவள் ‘ஐயோ’ என்பதற்குள் ஏடன் எழுந்துவிட்டான். புல்லின் குறுக்கே, சொந்த வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல் நடந்துபோய்த் தொப்பியை எடுத்தான். வாசலிலிருந்து மிஸ்டர் பிக்ஸ் திரும்பிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று ப்ரெண்டா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏடன், அங்கதானே நிக்கிற? அந்த ஓரத்தைப் பாரு, மறுபடி வளந்துடுச்சு. திங்கக்கிழமை காலைல ஆறரைக்குப் புல் வெட்டுற மெஷினை எடுத்ததும் அதை மொதல்ல வெட்டிடு. தோட்டக்காரர் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு.”

ஏடன் நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு கல்பாதை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தான்.

“எப்பலேர்ந்து?” என்றாள் ப்ரெண்டா.

“அக்டோபர். படிப்பு அதோட நின்னுடுச்சு.”

“படகு?”

“அதுவும் இல்லம்மா.”

அவள் தொப்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை கிரிம்ஸ்பி கடையில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். விளிம்பில் புல் கறை இருந்தது.