தொள்ளாயிரம் மில்லிவோல்ட்

எண்ணூற்று எழுபத்தைந்தில் திரை கறுத்தது.

ஸாஹிர் கதிரையில் சாய்ந்து, கணினி நின்று மறுபடி உயிர் பெறும்வரை காத்திருந்தான். கோபம் வரவில்லை. மூன்று நாளாக இதே வேலைதான். கணினியில் படம் ஆக்கும் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் மின்னழுத்தத்தை இருபத்தைந்து இருபத்தைந்து மில்லிவோல்ட்டாகக் குறைப்பது, கடினமான ஒரு வீட்டுப் படத்தை ஆக்கக் கொடுத்துப் பார்ப்பது. தாக்குப்பிடித்தால் ஒரு படி இறங்குவது, படுத்துவிட்டால் ஒரு படி ஏறுவது.

மின்னழுத்தம் குறைந்தால் சூடு குறையும். சூடு குறைந்தால் அதன் விசிறி பேய் பிடித்தது போல் சுற்றத் தேவையில்லை. விசிறி அடங்கினால் மாமாவின் தலையிடி தீரும்.

மாமா என்றால் மஜீட், அவன் மனைவி நிஸ்மியாவின் வாப்பா. வீடு நிஸ்மியாவின் சீதனம். காத்தான்குடியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். ஸாஹிரும் ஏறாவூரிலிருந்து ஒரு சூட்கேசோடு அப்படித்தான் வந்தான்.

விறாந்தையின் மூலையைப் பலகையால் அடைத்து அவனுக்கு ஒரு வேலை அறை கொடுத்திருந்தார்கள். பலகை கூரைவரை போகவில்லை. பகல் சோறு தின்றுவிட்டு மாமா சாய்வது பலகைக்கு அந்தப் பக்கம்.

கார்ட் யாரோ பாவித்துக் கழித்தது. வேலை கொடுத்தால் எண்பத்து மூன்று பாகைக்கு ஏறி, அரிசி ஆலை மாதிரி இரையும். மூன்று வருடமாக வீட்டில் எல்லோரும் அதற்கு மேலால் கத்திப் பேசியே பழகிவிட்டார்கள். ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்புதான் நிஸ்மியா ஆரம்பித்தாள். வாப்பாவுக்குத் தலை வெடிக்கிறதாம். மருமகனிடம் நேரே சொல்லக் கூச்சப்படுகிறாராம். இந்தப் பெட்டியை ஒரேயடியாக நிறுத்தினால் நல்லதாம்.

ஸாஹிருக்கு அது சுட்டது. பெண்ணையும் கொடுத்து, இருக்க வீடும் கொடுத்த மனிதருக்குத் தலையிடியா கொடுப்பது?

ஆனால் நிறுத்தவும் முடியாது. அவனை ஊரில் வைத்திருப்பதே அந்தப் பெட்டிதான். கட்டாரில் உழைப்பவர்கள் ஊரில் கட்டப்போகும் வீடுகளை, வளைந்த மாடிப்படி, பளிங்குத் தரை, வாசலில் ஒரு காரோடு படமாக்கி அனுப்புவது அவன் தொழில்.

அவனும் நாலு வருடம், நிஸ்மியா காக்கா என்று கூப்பிடும் அவள் அண்ணனோடு, கட்டாரில் கிடந்தவன். திரும்பி வந்த அன்று மகள் தாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இவர் எப்போது போவார் என்று கேட்டாள். அன்றைக்கே கடவுச்சீட்டை அலுமாரிக்குள் போட்டான். இனிப் பிச்சை எடுத்தாலும் இந்த ஊரில்தான் என்றான். நிஸ்மியாவும் சரியென்று தலையாட்டினாள்.

கணினி எழுந்தது. தொள்ளாயிரத்துக்கு ஏற்றினான். நேற்று வந்த இரண்டு மாடி வீட்டைக் கொடுத்தான்.

பத்து நிமிடம் போனது. அரை மணித்தியாலம் போனது. அறுபத்து நாலு பாகைக்கு மேல் ஏறவில்லை. விசிறி சுற்றுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. மாமாவைத் தானே போய்க் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று எழுந்தான்.

அப்போதுதான் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து மாமாவின் குரல் வந்தது.

"எனக்கு அந்தச் சத்தம் ஒரு கரைச்சலும் இல்ல புள்ள. நான் நல்லாத்தான் உறங்குறன். என்னத்துக்கு என்ட தலையில போட்ட?"

"வேற என்னத்தச் சொல்ற வாப்பா?" நிஸ்மியா கத்தினாள். "காக்கா கட்டார்ல இரிந்து இவருக்கு விஸா எடுத்து அனுப்பி ரெண்டு மாசம். இந்தப் பொட்டி நிண்டாத்தான் இவர் போவார். மாப்பிள்ள எங்க எண்டு கேக்கிற ஆக்களுக்கு, வீட்டுக்குள்ள இரிக்கார் எண்டு சொல்ல எனக்கு வெக்கமா இரிக்கி."

இரைச்சல் மூன்று நாளில் படிப்படியாக இறங்கியதால், அது போய்விட்டதை அவர்கள் கவனிக்கவில்லை. பழைய இரைச்சலை நம்பி, பழைய குரலில் ரகசியம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஸாஹிர் மறுபடி உட்கார்ந்தான். அவள் விஸாவைக் கொண்டுவந்து முகத்தில் எறிந்திருக்கலாமே. சண்டை பிடித்திருக்கலாமே. இல்லாத ஒரு தலையிடிக்காக மூன்று நாள் மாடு மாதிரி உழைத்திருக்கிறான். அதை நினைக்க அவனுக்கு அவள்மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன்மேல் வந்த வெட்கம் பெரிதாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு நிஸ்மியா தேநீரோடு வந்தாள்.

"வாப்பாக்கு இண்டைக்கும்..." என்று வழமைபோல உரத்து ஆரம்பித்தாள்.

அந்தச் சின்ன அறைக்கு அவள் குரல் மிகப் பெரிதாக இருந்தது. நிறுத்தினாள். பெட்டியைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். அவனைப் பார்க்கவில்லை.

"விஸா எத்தினாந் திகதி முடியுது?" என்று ஸாஹிர் கேட்டான்.

அழுவாள் என்று நினைத்தான். அல்லது, எந்த விஸா என்று கேட்பாள். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் மன்னித்திருப்பான்.

நிஸ்மியா தேநீரை மேசையில் வைத்தாள்.

"இருபத்தெட்டாந் திகதி" என்றாள், குரலைத் தாழ்த்தி. "விஸா மெடிக்கல் செக்கப்புக்கு இந்த வியாழக்கிழமை உங்கட பேர் குடுத்திரிக்கி."