அந்தச் சிரிப்பு

"த்தூ! பொம்பளையா இவ? கூட இருக்கறவ, அப்பா செத்துட்டார்னு சேதி கேட்டுக் கதறுறா. இவ பல்லைக் காட்டுறா பாருங்க!"

மனைவி டிவியைப் பார்த்துப் பொரிந்து தள்ளினாள். பத்துப் பேரை ஒரே வீட்டில் அடைத்துவைத்து வேடிக்கை காட்டும் நிகழ்ச்சி. ஊரே அந்தச் சிரித்தவளைத்தான் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தது. ஊருக்கு வேறு என்ன வேலை?

அவர் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"அப்பா, அந்தச் சிரிச்சவங்க பொண்ணு எங்க கிளாஸ்தான். சாப்பிடும்போது அவ பக்கத்துல வந்தாலே எல்லாரும் டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு எழுந்துடுவோம்." மகள் பெருமையாகச் சொன்னாள்.

"நீயுமா?"

"நானுந்தான்!"

அவர் தட்டை ஒதுக்கி வைத்தார்.

"தப்பும்மா. கண்ணால பார்க்காம யாரையும் ஒண்ணும் சொல்லக்கூடாது."

"கண்ணாலதானேப்பா பார்த்தோம்! டிவியில!"

அந்த நிகழ்ச்சியின் எடிட்டரே அவர்தான்.

"வெறும் அழுகையை எவன்யா பார்ப்பான்? எதிர்ல ஒரு சிரிப்பைப் போடு" என்றிருந்தார் தயாரிப்பாளர். இவரும் தேடிப் பிடித்து ஒட்டினார். அது வேறொரு நாள் சிரிப்பு. தன் மகள் பேசி அனுப்பிய வீடியோவைப் பார்த்து அந்தத் தாய் பூரித்துச் சிரித்தது.

"அந்தப் பொண்ணு இன்னிக்கு என்ன சொன்னா தெரியுமாப்பா? 'அது எங்கம்மா என்னைப் பார்த்தா மட்டும் சிரிக்கிற சிரிப்பு. எங்கேருந்தோ எடுத்து ஒட்டிட்டாங்க'ன்னு ஒரே அழுகை. நான் சொல்லிட்டேன், எங்கப்பா அங்கதான் வேலை பார்க்கறாரு, கேட்டுட்டு வர்றேன்னு. அவ சொல்றது பொய்தானேப்பா?"

மனைவி டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

உண்மை அவர் தொண்டைவரை வந்தது. மகளின் முகத்தைப் பார்த்தார். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அதில் அப்படியே இருந்தது. அதை இழக்க அவருக்கு மனசு வரவில்லை.

"பொய்தாம்மா."

"அப்பாடா! நாளைக்கே எல்லார் முன்னாடியும் அவகிட்ட சொல்லிடறேன்" என்று துள்ளி எழுந்தாள் மகள். "எங்கப்பா பொய்யே சொல்ல மாட்டாருன்னு அவளுக்கும் தெரியும்ப்பா. அந்த நம்பிக்கையிலதான் அவளும் 'சரி, கேட்டுட்டு வா'ன்னா."