தட்டிப் பார்க்க ஒருவர்

“புது வீடு சார். நேரா எங்ககிட்டயே வாங்கலாமே, நடுவுல எதுக்குப் புரோக்கர்?” என்றாள் கட்டுமான நிறுவனத்துப் பெண்.

அவன் கூட்டி வந்த புரோக்கர் சாவியால் சுவர் சுவராகத் தட்டிக்கொண்டே போனார். ஜன்னலோரம் அவன் மனைவி தொட்டிலுக்கே இடம் பார்த்துவிட்டாள். இந்த மனிதர் என்ன சொல்லப்போகிறாரோ என்று அவன் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

படுக்கையறைச் சுவரில் சாவி நின்றது.

“பெயின்ட்டுக்குப் பின்னாடி ஈரம் ஊறுது. வேண்டாம்.”

மனைவியின் முகம் வாடிவிட்டது.

“இவர் பேச்சைப் போய் நம்புறீங்களே! உங்களுக்கே வீடு பாக்கத் தெரியாதா சார்?”

“பன்னண்டு வருஷமா நானும் புரோக்கர்தாம்மா. அடுத்தவங்க வீடுன்னா மயிரிழை விரிசல்கூட கண்ணுல படும். என் வீடுன்னதும், நேத்து இதே சுவத்தைத் தடவிப் பாத்துட்டு அருமைன்னு சொல்லிட்டுப் போனேன்.”